எண்ணெயில் தண்ணீர் ஊற்றிய நீச்சல் மாஸ்டர்

மாஸ்டருக்குத் தண்ணீர் என்றால் உயிர். பொது நீச்சல் குளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. இப்போது அது நரைத்துவிட்டது. இதற்கிடையில் ஊரில் பாதிப் பேரைத் தண்ணீருக்குள் தள்ளி, தள்ளிய கையோடு மிதக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டார். மூழ்கப்போன சிலரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தும் இருக்கிறார். கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு. குளத்தின் இந்த முனையில் நின்று அவர் அதட்டினால் அந்த முனையில் தலை துவட்டுகிறவன் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று நிமிர்ந்து பார்ப்பான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் உடம்பிலிருந்து குளோரின் வாசனை போகாது.

தலைவலி என்று யாராவது சொன்னால், "ஒரு டம்ளர் தண்ணி குடி" என்பார். கோபம் என்றாலும் அதே மருந்துதான்.

"நாளைக்கு நான் கால ஒடச்சிக்கிட்டு வந்தாலும் மாப்பிள்ளை டம்ளரோடதான் ஓடி வருவாரு" என்பார் மாமியார். அவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் அவசரத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. எதற்கும் அசைந்துகொடுக்காத குரல். மாஸ்டர், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, மாமியார் ஆகிய மூன்று பேரும் இரண்டாவது மாடியில் குடியிருந்தார்கள். முதல் மாடியில் ஒரு போட்டோகிராபர் தனியாக இருந்தார். அதற்குக் கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கட்டடம் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி கடைக்குப் போயிருந்தார். வீட்டில் சமையல் மாஸ்டருடையது. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி வைத்துவிட்டு, வாணலியில் எண்ணெய் காயவைத்தார். அந்த நேரம் பார்த்துக் குளத்திலிருந்து போன் வந்தது. மோட்டார் ஓடவில்லையாம். "சுவிட்சை அணைச்சுப் போடுப்பா, என்ன சத்தம் வருது சொல்லு" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தவர், மோட்டாரைப் பற்றிய கவலையில் வாணலியை மறந்தே போனார்.

ஏதோ கருகுகிற வாசனை வந்து அடுப்படிக்கு ஓடினால், எண்ணெய் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. வாணலி அளவுக்குத்தான் தீ. மாஸ்டர் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடப் பழக்கம் யோசிக்க விட்டால்தானே? தொட்டியடியில் இருந்த ஜக்கைத் தூக்கித் தண்ணீரை அப்படியே வாணலியில் வீசினார்.

'விஷ்ஷ்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. வாணலியோடு அடங்கியிருந்த தீ கூரை வரைக்கும் எழும்பியது. மாஸ்டர் பின்பக்கமாகப் போய் விழுந்தார். ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. மாஸ்டர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுப் போட்டோகிராபர் படியேறி ஓடிவந்து, அடுப்பை அணைத்து, திரையைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதி மிதி என்று மிதித்தார். எண்ணெயில் பெரும்பகுதி சிதறிப்போயிருந்ததால் மீதித் தீ தானாக ஓய்ந்தது. யாருக்கும் பெரிய காயமில்லை. மாஸ்டரின் புருவங்கள் மட்டும் இரண்டும் போய்விட்டன.

மறுநாள் குளத்தில் யாருக்கும் நீச்சல் ஓடவில்லை. மாஸ்டர் முகத்தைப் பார்ப்பதும், தண்ணீருக்குள் முங்கிச் சிரித்துவிட்டு வெளியே வருவதுமாக இருந்தார்கள். காலையில் நீந்த வரும் ஒரு வக்கீலம்மா, போகும்போது புருவம் தீட்டும் பென்சில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். "மாப்பிள்ளை கோவமா இருக்காரா, சிரிக்கிறாரான்னே இப்பல்லாம் பிடிபட மாட்டேங்குது" என்று மாமியார் அங்கலாய்த்தார்.

கேலியெல்லாம் மாஸ்டருக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. பதற்றத்தில் கை கால் உதறி, காப்பாற்ற வந்தவன் தோளிலேயே ஏறி அமுக்குகிற ஆட்களைப் பார்த்து, 'மூளைய எங்க கழட்டி வெச்சிட்டு வந்தீங்க?' என்று கத்துகிறவர் அவர். அடுப்பு முன்னால் தன் மூளை எங்கே போனது? அந்தச் சமயம் மாமியார் அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தார். தீ கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால்? அந்த வாரமே லீவு போட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார்.

அங்கே அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண், இவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"மாஸ்டர்! என்னைத் தெரியலையா? கம்பி, மாஸ்டர். கம்பி!"

தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது குளத்துக்கு வந்தவள். முதல் இரண்டு மாதம் ஏணிக் கம்பியை விட்டு நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள். அவளுக்குக் 'கம்பி' என்று பெயர் வைத்ததே மாஸ்டர்தான்.

"நீயா? தண்ணியக் கண்டாலே கம்பி நீட்டுவியே, இங்க எப்படிம்மா வந்தே?"

"தண்ணியக் கண்டுதான் பயம். நெருப்பக் கண்டு இல்லையே" என்று சிரித்தவள், அவர் நெற்றியை உற்றுப் பார்த்தாள். "எண்ணெயா?"

"எண்ணெய்தான்."

"தண்ணி ஊத்தினீங்களா?"

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. பின்பக்க முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பழைய வாணலியில் எண்ணெயைக் கொளுத்திவிட்டு, மாஸ்டரைத் தள்ளி நிற்கவைத்து, நீளக் கழியின் நுனியில் கட்டிய கிண்ணத்தால் கொஞ்சம் தண்ணீரை அதில் கவிழ்த்தாள். தீ அவர்கள் தலைக்கு மேலே எழும்பி உருண்டது. மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது.

"தண்ணி கனம், எண்ணெய் லேசு. தண்ணி அடியில போயி, சூட்டுல ஒரே நொடியில ஆவியாகி, எரியிற எண்ணெயத் தூக்கி மேல வீசும். இப்ப இதப் பாருங்க."

இன்னொரு வாணலியைப் பற்றவைத்தாள். அடுப்பை அணைத்தாள். ஒரு பெரிய தட்டு மூடியை எடுத்து, முகத்துக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்து, ஓரத்திலிருந்து மெதுவாகச் சரித்து மூடினாள். தீ போன இடம் தெரியவில்லை.

"அவ்வளவுதானா?" மாஸ்டருக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

"அவ்வளவுதான். மூடியத் தெறந்து பாக்கக் கூடாது, வாணலியத் தூக்கிட்டு ஓடக் கூடாது. ஆறுற வரைக்கும் சும்மா இருக்கணும். நீங்க என்கிட்ட சொன்னதுதான் மாஸ்டர். மிதக்கணும்னா முதல்ல சும்மா இருக்கக் கத்துக்கோன்னு."

அந்தச் சனிக்கிழமை கம்பி வீட்டுக்கே வந்தாள். அடுப்படியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய மூடியை ஆணியடித்து மாட்டச் சொன்னாள். திரையைக் கழற்றச் சொன்னாள். கூடத்து மூலையில் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து நீட்டிப்புப் பெட்டி, அதிலிருந்து இன்னொரு பெட்டி என்று இழுத்து, டிவி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, போன் சார்ஜர், மாமியாரின் ஹீட்டர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குவதைப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இது என்ன பிளக் பாயின்ட்டா, கூட்டுக் குடும்பமா?"

"தனிக்குடித்தனம் வெச்சிடறோம்மா" என்றார் மாஸ்டரின் மனைவி. மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் தனித்தனியாகச் சுவரில் பாயின்ட் போட்டுவிட்டார். கூடத்துக் கூரையில் புகை வந்தால் கத்தும் அலாரம் ஒன்றையும் மாட்டினார்கள். புகையில் தொண்டை கட்டிக்கொள்ளும், குரல் எழும்பாது என்று கம்பி சொன்னதும் மாஸ்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பீரோவிலிருந்து ஒரு பழைய விசிலை எடுத்துவந்து பால்கனிக் கதவில் கட்டித் தொங்கவிட்டார்.

வீட்டைவிட்டு வெளியே வரும்போது கம்பி படிக்கட்டில் நின்றுவிட்டாள். முதல் மாடித் திருப்பத்தில், போட்டோகிராபரின் வாசலுக்கு வெளியே அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. விளக்குக் கால்கள், சுருட்டிய பின்னணித் திரைகள், வெள்ளைக் குடைகள். நடுவில் ஒருவர் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். வாசல் ஓரத்துப் பாயின்ட்டில் அவருடைய மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு வீட்டுக்காரங்களும் எறங்க இந்த ஒரு வழிதானே? இங்க எதுவும் இருக்கக் கூடாது. அந்த பேட்டரி சுத்தமா கூடாது."

மாஸ்டர் போய்ச் சொன்னார். போட்டோகிராபர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கொஞ்சம் உயரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்க வீட்டுத் தீய அணைச்சவனே நான்தான். என்கிட்டயே பாடம் எடுக்கறீங்களே!"

மாஸ்டர் படியேறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒத்திகை ஆரம்பமானது. மாஸ்டர் கூடத்தில் நின்று விசிலை ஊதுவார். மனைவி அடுப்பை அணைப்பதுபோல் அணைத்துவிட்டு, கையில் எதையும் எடுக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு கீழே தெருமுனை மரத்தடிக்குப் போகவேண்டும். மாமியாரும் அப்படியே. மனைவி முதல் தடவையே ஒழுங்காகப் போனார், கைப்பையை மட்டும் விட மனமில்லை. மாமியார் இடத்தைவிட்டே எழவில்லை.

"அத்தை, விசில் கேக்கலையா?"

"கேட்டுது. குறுக்கெழுத்துல ஒரே ஒரு கட்டம் பாக்கி. நான் எரிஞ்சிட்டேன்னு வெச்சுக்கிட்டு நீங்க போங்க மாப்பிள்ளை."

அடுத்த ஒத்திகையில் எழுந்தார். ஆனால் செருப்பைத் தேடினார், கண்ணாடியைத் தேடினார், கண்ணாடி கிடைத்ததும் போட்டிருந்த புடவை வெளியே போக லாயக்கில்லை என்று மாற்றப்போனார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது முறை ஒருவழியாகப் படியிறங்கியபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. முதல் மாடித் திருப்பத்தில் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்தவர் மேல் ஒரு வெள்ளைக் குடை சரிந்து விழுந்து விரிந்துகொண்டது. இன்னொரு குடையின் கம்பி புடவைத் தலைப்பில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த போட்டோகிராபர், இரண்டு குடைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு தன்னை முறைத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மாமியாரைக் கண்டார்.

"நல்லா பாத்துக்கப்பா" என்றார் மாமியார், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல். "இப்ப நெஜமாவே தீன்னா, என் கடைசி போட்டோ இதுதான்."

அன்றைக்குச் சாயங்காலமே பெட்டி, குடை, திரை எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டன. பேட்டரியை மட்டும் அவர் நகர்த்தவில்லை. "உள்ள தோதா பாயின்ட் இல்லம்மா, பாத்து செய்யறேன்" என்று மாமியாரிடம் சொன்னார்.

மாமியாருக்கு அன்றிலிருந்து ஒத்திகையில் பிடிப்பு வந்துவிட்டது. படியில் புகை இருந்தால் என்ன செய்வது என்று கம்பியிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர்தான். புகைக்குள் இறங்கக் கூடாது, கதவைச் சாத்து, இடுக்கில் ஈரத்துணியை அடை, ஜன்னல் பக்கம் போ, எங்கே இருக்கிறாய் என்று போனில் சொல். அதைத் தன் பாணியில் மாஸ்டருக்குத் திரும்பச் சொல்லி, "புரிஞ்சுதா?" என்றும் கேட்டுக்கொண்டார்.

சில மாதம் கழிந்தது. மாஸ்டருக்குப் புருவம் முளைத்து, முன்பைவிட அடர்த்தியாகவே வளர்ந்துவிட்டது. ஒரு நாள் முற்பகலில், மாஸ்டர் குளத்தில் இறங்கி, பயந்த ஒரு வங்கி மேனேஜரின் முதுகைத் தாங்கிப் பிடித்து மிதக்கவைத்துக்கொண்டிருந்தார். காவலாளி ஓடிவந்தார். "மாஸ்டர், வீட்டுலேர்ந்து போன். உங்க மாமியார். அவசரம்னு சொன்னாங்க, ஆனா அவசரமா பேசல."

மாஸ்டர் சொட்டச் சொட்டப் போய்ப் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, பதறாதீங்க. கீழ்வீட்டு பேட்டரி எரியுது. படியெல்லாம் புகை. நான் கதவச் சாத்தி துணி அடைச்சுட்டேன். தீயணைப்பு வண்டி கெளம்பிடுச்சு. நீங்க வந்தா தெருவுலயே நில்லுங்க. மேல மட்டும் ஏறாதீங்க. வெச்சிடறேன், வேல இருக்கு."

வேலை இருக்கத்தான் செய்தது. நடந்தது இதுதான். கூடத்து அலாரம் கத்தியதும் மாமியார் அடுப்படியைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. வாசல் கதவை ஒரு விரல்கடை திறந்தார். கரும்புகை படியேறி வந்துகொண்டிருந்தது. கீழே படபடவென்று ஏதோ வெடிக்கிற சத்தம். பேட்டரிதான் என்று புரிந்துவிட்டது. சட்டென்று கதவைச் சாத்தினார். துண்டை நனைத்து அடியில் அடைத்தார். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் அந்தக் கதவையும் பின்னால் சாத்திக்கொண்டார். தீயணைப்பு நிலையத்தை அழைத்தவர், தெரு, அடையாளம், மாடி, எரிவது என்ன, உள்ளே யார் யார் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முடித்ததும், "இப்ப நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றாராம். அந்தப் பக்கத்தில் இருந்த ஆள் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறார். மருமகனுக்கும் விஷயத்தைச் சொல்லியாயிற்று.

பாக்கி இருந்தது போட்டோகிராபர்தான். கீழ்வீட்டு ஜன்னல் பால்கனிக்கு நேர் கீழே. கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். கதவில் தொங்கிய விசிலைப் பறித்து, பல்லில் கடித்துக்கொண்டு, மூச்சு முட்ட ஊதினார். ஊதினார், மறுபடியும் ஊதினார். தெருவே நின்று பார்த்தது. கடைசியில் கீழ் ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்னம்மா, ஒத்திகையா? இதோ கதவத் தெறந்து..."

"தெறக்காத!" அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். "கதவுக்கு அந்தப் பக்கம் உன் பேட்டரி எரியுது. தெறந்தா அது உள்ள வரும். துணிய நனைச்சு கீழ அடை. ஜன்னல விட்டு நகராத. வண்டி வருது."

போட்டோகிராபர் திரும்பிப் பார்த்தார். கதவிடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. கைப்பிடியைத் தொட இன்னும் நாலு எட்டுதான் பாக்கி என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

மாஸ்டர் நீச்சல் உடையோடு, இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காவலாளியின் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தார். வண்டி அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து புகை வருவதைப் பார்த்ததும் அவர் கால்கள் தாமாகவே ஓடின.

"மாப்பிள்ளை! அங்கயே நில்லுங்க!" மேலே பால்கனியில் மாமியார் விரலை நீட்டினார்.

"அத்தை, நீங்க..."

"எனக்கு ஒண்ணுமில்ல. காத்து வருது, நல்லா நிக்கிறேன். நீங்க ஏறினா, உங்களையும் சேத்துத் தேடணும் அவங்க."

மாஸ்டர் நின்றார். மூழ்குகிறவரைப் பார்த்துவிட்டு, நீந்தத் தெரியாத சொந்தக்காரர்கள் பின்னாலேயே குதிப்பார்கள். அவர்களைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைப்பது அவர் வேலைதான். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆழத்தில் குதிப்பது அதைவிட எளிது. துண்டின் முனையைக் கையில் முறுக்கிக்கொண்டு, மாமியாரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தெருவிலேயே நின்றார்.

கம்பியும் ஆட்களும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு இறங்கியது.

"ஏய் கம்பி! தண்ணி கூடாதுன்னியே!" என்று மாஸ்டர் அலறினார்.

"அது எண்ணெய்க்கு, மாஸ்டர்! இதுக்குத் தண்ணிதான்! நெறய!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

படித் திருப்பத்தில் பெட்டிகளும் திரைகளும் இல்லாததால் தீ தாவுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. சுவர் கருகியது, போட்டோகிராபரின் கதவு வெளிப்பக்கம் கருகியது, அத்தோடு சரி. புகை வடிந்தபின் போட்டோகிராபரை வெளியே கொண்டுவந்துவிட்டு, கம்பியே மேலே போய் மாமியாரைக் கைபிடித்து அழைத்துவந்தாள். அவர் இறங்கும்போதே, "பூட்ஸோட கூடத்துல நடந்துட்டாங்க, யார் தொடைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கீழே வந்ததும் மாஸ்டரை மேலும் கீழும் பார்த்து, "மொதல்ல ஒரு சட்டையப் போடுங்க மாப்பிள்ளை, தெருவே நிக்குது" என்றார். மாஸ்டர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக் கடையிலிருந்து ஓடிவந்த மனைவி, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, மாஸ்டரின் காதோடு சொன்னார்: "என்னங்க, 'நான் அப்பவே சொன்னேன்'னு மட்டும் கீழ்வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், முகமே செத்துப்போயிருக்கு." மாஸ்டர் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அவர் பட்ட பாடு மனைவிக்குத்தான் தெரியும். போட்டோகிராபர் அடுத்த வாரம் கட்டடத்துக்கு வெளியே, திறந்த கொட்டகையில் ஒரு பாயின்ட் போட்டுக்கொண்டார். சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார்.

கம்பி மட்டும் விடவில்லை. நிலையத்துக்கு வந்த அழைப்பைப் பதிவிலிருந்து போட்டுக் கேட்டிருக்கிறாள். "இப்படி ஒருத்தர் பேசி நான் கேட்டதே இல்ல. பாதிப் பேரு 'தீ, தீ, வாங்க'ன்னு சொல்லிட்டு வெச்சிடறாங்க. எங்கன்னு தேடறதுக்குள்ள வீடு போயிடும்" என்று மாமியாரிடம் வந்து நின்றாள். "ஜனங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கணும்மா."

மாமியார் குறுக்கெழுத்தை மடித்து வைத்தார். இப்போது தையல் பட்டறை, அலுவலகம், குடியிருப்பு என்று எங்கே கூட்டம் நடந்தாலும் மாஸ்டரும் மாமியாரும் சேர்ந்துதான் போகிறார்கள். மாஸ்டர் வாணலியை மூடிக் காட்டுவார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பொம்மைப் போனை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்காருவார்கள்.

"ஐயோ, தீ! ஓடி வாங்க! சீக்கிரம்!" என்று மாஸ்டர் கத்தி, போனை டொக்கென்று வைப்பார்.

"வரோங்க" என்பார் மாமியார், நிதானமாக. "எங்கன்னுதான் சொல்லலையே."

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பதறுகிற வேஷம் மாஸ்டருக்கு அவ்வளவு இயல்பாக வருகிறதே, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால், மாமியார் முந்திக்கொண்டு, "எங்க மாப்பிள்ளை, தண்ணியில இறக்கிவிட்டா புலி" என்பார். மாஸ்டர் மறுத்துப் பேசுவதில்லை. மூடியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்பார்.